கையில் தேய்த்துப் பார்க்க வேண்டிய கசப்பு

விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் ஊரான விஸ்வநத்தத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 35 நிமிடத்தை ஒட்டி இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மழை இல்லாவிட்டால் தையிலும் ஆனியிலும் ஒரே கணக்கில் சரக்கைக் காயப்போட்டு எடுக்கலாம் என்பதால் பட்டாசு ஆபீஸ்காரர்களுக்கு இது வசதி. ஆனால் இப்படிப்பட்ட பகல் தனக்கு ஆகாது என்று நம் பக்கம் வளர மறுக்கும் கொடி ஒன்று உண்டு. அதுதான் ஹாப்ஸ்.

பீரின் கசப்பும், அதன் மணத்தில் பெரும்பங்கும் இந்தக் கொடியின் பூவிலிருந்து வருகின்றன. தாவரவியலில் ஹியூமுலஸ் லுபுலஸ். கஞ்சா இருக்கும் அதே கன்னாபேசி குடும்பம். ஆனால் கஞ்சாவின் போதைப் பொருள் இதில் இல்லை. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியில் காய்க்கும், பச்சைச் செதில்கள் அடுக்கிய கூம்புதான் சரக்கு. அதன் செதிலைப் பிரித்தால் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். லுபுலின் என்ற அந்தப் பொடிக்காகத்தான் இவ்வளவு பாடு.

என் அக்கா மகன் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். வீட்டுத் தேவைக்கு பீர் தயாரிப்பதை அந்த நாட்டின் மைய அரசு 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் அனுமதித்தது. இவனும் சனி, ஞாயிறுகளில் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிடுகிறான். ஒருநாள் ஒரு பாக்கெட்டின் படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான். “மாமா, இதுல பேரே இல்ல, வெறும் நம்பர் போட்டிருக்கான். கடைக்காரன் மாம்பழ வாசனைங்கான். நம்பி வாங்கலாமா?”

ரசாயனம் படித்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறான். பீரில் எனக்கு ருசி கிடையாது. ஆனால் கேள்வி பிடித்திருந்தது. முன்பின் தெரியாத ஒரு ரகத்தை எதை வைத்து எடைபோடுவது?

அதற்குமுன் இந்தக் கொடி ஏன் இங்கே வராது என்பதை முடித்துவிடுவோம். நாள் குறுகும்போது பூக்கும் செடி இது. ஆனால் பூக்குமுன் கொடி நன்றாக ஏறியிருக்க வேண்டும். தோட்டங்களில் ஐந்தரை மீட்டர் உயரக் கம்பியில் ஏற்றுகிறார்கள். வடக்கே கோடையில் பகல் 15, 16 மணி நேரம் நீளும்போது கொடி ஏறிக்கொண்டே போகும்; கோடை நடுவைத் தாண்டிப் பகல் சுருங்கத் தொடங்கியதும் பூக்கும். ஜெர்மனியின் ஹாலர்டாவ், அமெரிக்காவின் யாக்கிமா, இங்கிலாந்தின் கென்ட் எல்லாம் 35 முதல் 55 பாகை அட்சரேகைக்குள் அடங்கிவிடுகின்றன. நம் ஊர் ஒன்பதரைப் பாகை. இங்கே வருஷம் முழுக்கப் பகல் குறுகியதுதான் என்று கொடி கணக்குப் போட்டு, இடுப்பளவு வளருமுன்பே நாலு பூவைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

“ஊட்டியில் வைத்தால் வருமே” என்று பலர் சொல்வார்கள். வராது. உதகையின் மிக நீண்ட பகல் விஸ்வநத்தத்தைவிட ஏழெட்டு நிமிடம்தான் அதிகம். குளிர் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் பீர் ஆலைகளே இருந்தன. அங்கேயும் ஹாப்ஸ் விளைச்சல் தொழிலாக வேரூன்றவில்லை.

குளிரே ஒரு நிபந்தனை இல்லை என்பதும் அண்மையில் தெளிவாகியிருக்கிறது. குளிர்கால உறக்கம் இல்லாவிட்டால் ஹாப்ஸ் பூக்காது என்றுதான் பாடநூல்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பாவர்லி 2019இல் வெளியிட்ட ஆய்வு, வெளிச்ச நேரத்தைச் சரியாகக் கொடுத்தால் குளிர் உறக்கம் இல்லாமலே கொடி பூக்கும் என்று காட்டியது. தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் நகரைச் சுற்றி, 34 பாகை தெற்கே, முன்பு தோட்டத்தில் மின்விளக்கு போட்டுப் பகலை நீட்டினார்கள். பிறகு குறுகிய பகலுக்கே ஒத்துப்போகும் சதர்ன் ஸ்டார் போன்ற ரகங்களை உருவாக்கிக்கொண்டார்கள். பிரேசில்காரர்களும் இப்போது விளக்கு வெளிச்சத்தில்தான் வளர்க்கிறார்கள். ஆக, கரிசலில் ஹாப்ஸ் வைப்பது முடியாத காரியம் அல்ல. மின்கட்டண ரசீதைப் பார்த்தபின் யாரும் வைக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் விளக்கு இல்லாமல் வளர்ந்த முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று காஷ்மீர், சோபூருக்குப் பக்கத்தில் துப்கம் என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மகாராஜாவின் ஹாப்ஸ் தோட்டம் இருந்தது. மற்றொன்று இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு. 1970களில் அங்கே விவசாயிகள் தொழிலாகவே இதை எடுத்துக்கொண்டார்கள். லேட் கிளஸ்டர், கோல்டன் கிளஸ்டர், ஹைப்ரிட்-2 என்பவை அங்கே புழங்கிய பெயர்கள். லாஹௌலில் கோடைப் பகல் 14 மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். கொடிக்குக் கிட்டத்தட்டப் போதும். ஆனால் கட்டுப்படியாகும் விலை கிடைக்காததால் பலர் பட்டாணிக்கும் காலிஃபிளவருக்கும் மாறிவிட்டார்கள். நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கைத்தான் நம்புகின்றன.

இனி மருமகனின் பாக்கெட்டுக்கு வருவோம். எண் போட்ட ரகம் என்றால் மட்டம் என்று பொருளல்ல. ஒரு புது ஹாப்ஸ் சந்தைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும். பெண் கொடியின் பூவில் ஆண் கொடியின் மகரந்தத்தைத் தூவி, விதை எடுத்து, ஆயிரக்கணக்கான நாற்று வளர்த்து, நோய் வந்ததைப் பிடுங்கிப் போட்டு, மிஞ்சியதைக் காய்க்க விட்டுப் பார்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆண் கொடி கூம்பு காய்ப்பதில்லை. அது தன் பிள்ளைகளுக்கு என்ன மணத்தைக் கொடுக்கும் என்பதை அதைப் பார்த்தோ முகர்ந்தோ சொல்ல முடியாது. பிள்ளைகள் காய்த்த பிறகுதான் அப்பனின் குணம் தெரியும். அதனால் ஒவ்வொரு கலப்பும் பாதி சூதாட்டம். தேறியதற்கு எண் கொடுத்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே எடுபட்டால்தான் பெயர் சூட்டுவார்கள். இன்று உலகமெங்கும் விற்கும் மொசைக், 2012இல் பெயர் வரும்வரை எச்.பி.சி. 369 என்ற எண்ணாகத்தான் இருந்தது.

அப்படித் தேறிய ரகம் விதையால் பெருகுவதில்லை. வேர்த்துண்டையோ தண்டையோ பதியன் போட்டுத்தான் பெருக்குகிறார்கள். உலகத்தின் சிட்ரா கொடிகள் எல்லாம் மரபணுவில் ஒரே கொடியின் துண்டுகள். ஆனாலும் எல்லாச் சிட்ராவும் ஒரே மணம் அல்ல. அது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ரகங்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கனடாக் காட்டுக்கொடியின் கதை. இங்கிலாந்தின் வை கல்லூரியில் பேராசிரியர் எர்னஸ்ட் சால்மன் 1916இல் மானிடோபா மாநிலத்தின் மார்டன் பகுதியிலிருந்து ஒரு காட்டு ஹாப்ஸின் துண்டை வரவழைத்து நட்டார். பி.பி.1 என்று எண் கொடுத்தார். அந்தக் கொடி இரண்டு மூன்று ஆண்டில் செத்துப்போனது. ஆனால் சாகுமுன் அதில் காற்றில் வந்த மகரந்தம் பட்டு விதை பிடித்திருந்தது. தகப்பன் எந்தக் கொடி என்று யாருக்கும் தெரியாது. அந்த விதையில் முளைத்த நாற்றுகளில் ஒன்றுதான் 1934இல் ப்ரூவர்ஸ் கோல்ட் என்ற பெயரில் வெளிவந்தது. கசப்பு அமிலம் அதில் பழைய ஆங்கில ரகங்களைவிட மிக அதிகம். ஆனால் பீர் ஆலைக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். கருந்திராட்சை மாதிரி ஒரு கரடுமுரடான அமெரிக்க வாடை அடிக்கிறது என்று குறை சொன்னார்கள். இன்று வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் காசை அள்ளிக் கொடுத்து வாங்குவது அதே வாடையின் வாரிசுகளைத்தான். அதிகக் கசப்புள்ள நவீன ரகங்களில் பலவற்றின் வம்சத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அந்த மானிடோபாக் கொடியில் போய் முட்டும்.

பாக்கெட்டின் மேல் முதலில் கண்ணில் படுவது ஆல்ஃபா அமிலத்தின் சதவீதம். செக் நாட்டின் சாஸ் ரகத்தில் இது 3, 4 சதவீதம். சிட்ராவில் 11 முதல் 13 வரை. இந்த அமிலம் அப்படியே கசப்பதில்லை. கொதிக்கும் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) சாற்றில் அதன் மூலக்கூறு வடிவம் மாறி ஐசோ-ஆல்ஃபா அமிலம் ஆகும்போதுதான் தண்ணீரில் கரைந்து கசக்கிறது. கணக்கு எளிது. 20 லிட்டர் சாற்றில் 10 சதவீத ஹாப்ஸ் 20 கிராம் போட்டால் ஆல்ஃபா 2 கிராம். லிட்டருக்கு 100 மில்லிகிராம். ஒரு மணி நேரம் கொதித்தாலும் அதில் கால்பங்கு, மிஞ்சிப்போனால் முப்பது சதவீதம்தான் பீரில் தங்கும். ஆக லிட்டருக்கு 25 முதல் 30 மில்லிகிராம்; இதைத்தான் கசப்பு அலகு 25, 30 என்கிறார்கள். லாக்டோபாசில்லஸ் போன்ற புளிக்கவைக்கும் பாக்டீரியாவை அடக்குவதும் இதே அமிலங்கள்தான். பழைய காலத்தில் ஹாப்ஸ் சேர்த்ததற்கு ருசியைவிட அது பெரிய காரணம். இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் இந்தியாவுக்கு வந்த பீருக்கு ஹாப்ஸை அள்ளிப் போட்டதும் அதற்காகவே.

ஆனால் இந்த எண் கசப்பின் அளவைச் சொல்லுமே தவிர மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ‘12 சதவீதம்’ என்று பார்த்ததும் உயர்ந்த ரகம் என்று நினைத்துக்கொள்வது சிலரின் வழக்கம். அது தவறு.

மணம் எண்ணெயில் இருக்கிறது. 100 கிராம் ஹாப்ஸில் அரை மில்லி முதல் மூன்று மில்லி வரை. அதில் முக்கியமான நான்கின் அளவை நல்ல வியாபாரிகள் அட்டையில் தருவார்கள்: மிர்சீன், ஹியூமுலீன், கேரியோஃபிலீன், ஃபார்னசீன். மிர்சீன் தூக்கலாக இருந்தால் பச்சிலை, பிசின், எலுமிச்சைத் தோல் பக்கம் போகும். நவீன அமெரிக்க ரகங்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஹியூமுலீன் கூடினால் மரம், மசாலா என்று அடக்கமாக இருக்கும். ஃபார்னசீன் பல ரகங்களில் அநேகமாக இல்லை, சாஸ் ரகத்தில் நிறைய. எனவே புது ரகத்தின் அட்டையில் அது கணிசமாக இருந்தால், வம்சத்தில் சாஸ் மாதிரி ஒன்று எங்கோ இருக்கிறது என்று யூகிக்கலாம். யூகம்தான்.

அட்டை சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. மாம்பழம், கொய்யா, கருந்திராட்சை என்று கடைக்காரர் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது. கந்தகம் ஏறிய தயோல் மூலக்கூறுகள் அவை. 4-எம்.எம்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்றை நம் மூக்கு கண்டுபிடிக்க, ஒரு லிட்டர் பீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு இருந்தால் போதும். ஜப்பானில் கிஷிமோட்டோவும் அவர் சகாக்களும் இதைத் தேடியபோது அமெரிக்க, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஹாப்ஸில் கிடைத்தது. ஐரோப்பிய ஹாப்ஸில் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் நெடுங்காலமாகத் தெளித்துவந்த செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி இதைக் குறைத்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட ஒரு காரணம். கந்தகம் செம்பைக் கண்டால் விடாது. பேன்சி வெடியில் நீல நிறத்துக்காகச் சேர்ப்பதும் செம்புச் சேர்மத்தைத்தான். அங்கே ஒரு பூவுக்கு நிறம் கொடுக்கும் உலோகம் இங்கே ஒரு பூவின் மணத்தைத் தின்றுவிடுகிறது.

ஆக, ஒரே கொடியின் துண்டு என்றாலும் மண், மருந்து, பறித்த வாரம் எல்லாம் மணத்தை மாற்றும். கூம்பைத் தாமதமாகப் பறித்தால் சில ரகங்களில் வெங்காயம், பூண்டு வாடை ஏறிவிடும். 1972இல் அமெரிக்காவில் வெளிவந்த காஸ்கேட் ரகத்தை நியூசிலாந்தில் நட்டார்கள். மணம் வேறாக வந்ததால் அங்கே டைஹெக்கே என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். இதற்கு நேர்மாறான கதை ஸ்லோவேனியாவில். அங்கே விளையும் ஸ்டைரியன் கோல்டிங், கோல்டிங்கே அல்ல, இங்கிலாந்தின் ஃபக்கிள். பெயரை நம்பிக் கோல்டிங்கின் குணத்தை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். ரகத்தைப் பார்க்காதே, கையில் இருக்கும் லாட்டைப் பார். விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆபீஸில் புது அலுமினியப் பவுடர் டின் வந்தால், மேலே அதே கம்பெனி, அதே கிரேடு என்று போட்டிருந்தாலும் அனுபவப்பட்ட போர்மேன் அப்படியே மருந்தில் கொட்டமாட்டார். துகளின் அளவு கொஞ்சம் மாறினாலும் எரியும் வேகம் மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும். துளி அளவு கலந்து, தள்ளி வைத்துக் கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அவன் அப்பாவின் ஆபீஸில் அதைப் பார்த்து வளர்ந்தவன்; உடனே பிடித்துக்கொண்டான். “அப்போ இதையும் கொஞ்சமா கொளுத்திப் பாக்கணும்ங்கீங்க!”

அதற்கு முதல் வழி உள்ளங்கை. கூம்பை அரைத்து அழுத்திய வில்லையாகத்தான் பாக்கெட்டில் ஹாப்ஸ் இருக்கும்; அதில் நாலைந்தைப் பொடித்து இரு கைக்கும் நடுவே வைத்துச் சூடு ஏறும்வரை தேய்க்க வேண்டும். பிசுபிசுவென்று மஞ்சள் ஒட்டினால் லுபுலின் உயிரோடு இருக்கிறது. உடனே ஒருமுறை முகர்ந்து, கொஞ்சம் விட்டு மறுமுறை முகர வேண்டும். முதலில் துள்ளிக்கொண்டு வருவது மிர்சீன். அது சீக்கிரம் பறந்துவிடும். பின்னால் தங்குவதுதான் அந்த ரகத்தின் அடிக்குணம். பழைய பாலாடைக்கட்டி நாற்றம் வந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆல்ஃபா, பீட்டா அமிலங்கள் காற்றுப் பட்டுச் சிதைந்து ஐசோவலேரிக் அமிலம் ஆகியிருக்கிறது, சரக்கு கெட்டுவிட்டது.

இரண்டாவது, ஹாப்ஸ் கஷாயம். ஒரு கிராம் வில்லையை ஒரு டம்ளர் வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறப்போட்டு வடிகட்ட வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கூடாது. கை பொறுக்காத சூடு போதும். கொதித்தால் கசப்பு மேலே வந்து மணத்தை மூடிவிடும். இரண்டு ரகத்தை அருகருகே வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நன்றாகத் தெரிந்த பழைய ரகம் ஒன்று, காஸ்கேட் என்று வைத்துக்கொள்வோம், பக்கத்தில் இருப்பது நல்லது. ஒப்பிட ஒன்று இல்லாமல் முகர்ந்தால் மூக்கு கடைக்காரர் சொன்னதையே திரும்பச் சொல்லும்.

இந்த இரண்டும் பாதி உண்மையைத்தான் சொல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈஸ்ட் சும்மா இருப்பதில்லை. ஹாப்ஸில் ரோஜா மணம் தரும் ஜெரானியோலை எடுத்து எலுமிச்சை மணமுள்ள சிட்ரோனெல்லோலாக மாற்றிவிடும். ஜப்பானின் சப்போரோ ஆலையில் டாக்கோய் என்ற ஆய்வாளர் இதை விரிவாகப் பின்தொடர்ந்திருக்கிறார். கூம்பில் மணமே இல்லாமல் கட்டுண்டு கிடக்கும் தயோல்களையும் ஈஸ்ட் ஓரளவு அவிழ்த்துவிடும். அதனால் கடைசிச் சோதனை, அந்த ஒரே ரகத்தை மட்டும் போட்டுச் சின்னதாக ஒரு ஈடு இறக்கிப் பார்ப்பதுதான். மால்ட் சாதாரணமாக இருக்கட்டும். ஈஸ்ட் தன் வாசனையைக் காட்டாத ரகமாக இருக்கட்டும். கசப்புக்குக் கொஞ்சம் முதலில் போட்டு, மீதியை அடுப்பை அணைக்கும்போதும் நொதித்து அடங்கிய பிறகும் போட வேண்டும். இரண்டு மூன்று புது ரகத்தை ஒன்றாகக் கலந்து போடுகிறவர்களுக்கு நல்ல பீர் கிடைக்கலாம். எந்த ரகம் என்ன செய்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. இவர்களின் பரிந்துரையை நான் ஒரு பொருட்டாக எடுக்கமாட்டேன்.

அவன் விடவில்லை. “அப்போ பாக்கெட்ல எதைத்தான் பாக்க?” அறுவடை ஆண்டைப் பார் என்றேன். அறை வெப்பத்தில் கிடந்தால் சில ரகங்கள் ஆறே மாதத்தில் ஆல்ஃபாவில் பாதியை இழந்துவிடும். வேறு சில அதே காலத்தில் கால்பங்குகூட இழக்காது. காற்று நீக்கிய அலுமினிய உறை, ஃப்ரீசர், அறுவடை ஆண்டு இந்த மூன்றும் இல்லாத கடையில் எந்தப் புகழ்பெற்ற பெயரும் பயன்படாது. தயாரித்த பீரையும் வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. ஐசோ-ஆல்ஃபா அமிலமும் பீரில் உள்ள ரைபோஃபிளேவினும் வெளிச்சத்தில் சேர்ந்து உண்டாக்கும் தயோல் ஒன்று, நாற்றத்தில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் வருவது அழகுக்காக அல்ல.

அவன் அந்த எண் ரகத்தில் சின்னப் பாக்கெட்டாக ஒன்று வாங்கினான். கஷாயத்தில் மாம்பழம் தெரியவில்லையாம். எலுமிச்சைத் தோலும் கொஞ்சம் பூண்டும் தெரிந்ததாம். கடைக்காரர் பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் முகர்ந்தது வேறு லாட்டாக இருந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு விருதுநகர் மாவட்டத்தில் யாரும் அடுப்பில் பாத்திரத்தை ஏற்ற வேண்டாம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, வீட்டு உபயோகத்துக்கு என்றாலும், குற்றம். கஷாயம் வைத்து முகர்ந்து பார்ப்பதற்குத் தடை இல்லை. அதில் ஆல்கஹால் கிடையாது. சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருக்கும் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் பாக்கெட்டையும், வடிகட்டிய சக்கையையும் அது எட்டாத இடத்தில் வையுங்கள். மனிதருக்கு வெறும் கசப்பாக இருக்கும் இந்தப் பூ, நாய் தின்றுவிட்டால் உடல் வெப்பத்தைக் கட்டுக்கடங்காமல் ஏற்றி உயிரையே எடுத்துவிடும்.